சீமைக் கருவேல முள் இழுத்த கோடுகள்: வீட்டிலேயே எடுக்க முடியுமா?

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. போன வாரம் குலதெய்வம் கும்பிட முதுகுளத்தூர் பக்கம் போயிருந்தோம். கண்மாய்க் கரை ரோடு, ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரே டிராக்டர் வந்துவிட்டது. இடது பக்கம் ஒதுங்கினேன். அங்கே சீமைக் கருவேலம் ரோட்டுக்குள்ளேயே சாய்ந்து கிடந்தது. முன் கதவில் ஆரம்பித்துப் பின் கதவு வரை இழுத்துவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வண்டி ஸ்விஃப்ட், வாங்கி நான்கு வருடம் முடிந்துவிட்டது, சாம்பல் நிற மெட்டாலிக். பத்துப் பதினைந்து மெல்லிய வெள்ளைக் கோடுகள், எல்லாம் படுக்கைவாட்டில். கைப்பிடிக்குக் கீழே ஒன்று மட்டும் மற்றதைவிட அழுத்தமாக இருக்கிறது. மதுரையில் ஒரு பட்டறையில் காட்டினேன். இரண்டு கதவையும் முழுசாக அடிக்க வேண்டும், கதவுக்கு 4500 ரூபாய் என்றார்கள். பணத்தைவிட, கம்பெனி பெயிண்டைச் சுரண்டிவிட்டு வேறு பெயிண்ட் அடிக்க மனசு வரவில்லை. மச்சான் டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலே போய்விடும் என்கிறார். கையால் செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை:

சகோ, பேஸ்ட் வேலை செய்யும். என் வெள்ளை வேகன்ஆரில் பைக் ஹேண்டில் உரசின கோட்டைப் பேஸ்ட் வைத்துத்தான் எடுத்தேன். வெள்ளைப் பேஸ்ட்டாக இருக்க வேண்டும், ஜெல் வேண்டாம். பத்து நிமிட வேலை.

பட்டறைக்காரன்:

வைகைக்கரை தம்பி, நான் கோவையில் 22 வருடமாக டிங்கரிங், பெயிண்டிங் தொழிலில் இருக்கிறேன். எதைப் போட்டுத் தேய்ப்பது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தக் கோடு எதுவரை இறங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் எதையும் வாங்காதீர்கள், யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

வண்டியை நன்றாகக் கழுவுங்கள். முள் இழுத்த இடத்தில் மரப்பட்டையின் சாறும் தூசியும் சேர்ந்து ஒட்டியிருக்கும். கோடு என்று நாம் நினைப்பதில் பாதி அந்த அழுக்காகவே இருக்கலாம். காய்ந்த பிறகு கோட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் நிற்கும்போது கோடு கண்ணுக்கே தெரியவில்லை, காய்ந்ததும் திரும்ப வருகிறது என்றால் கீறல் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் பூச்சோடு நின்றுவிட்டது. அடுத்து, விரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே அழுத்தாமல் மெதுவாக ஓட்டுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கையாலேயே எடுக்கலாம். நகம் மாட்டி நின்றால் தேய்த்து எடுக்கக் கூடாது.

ஏன் கூடாது என்றால், கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் தகரத்தின் மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் என்று நான்கு அடுக்கு இருக்கும். நான்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் சுமார் 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது புரியும் நமக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று.

கீறலை எடுப்பது என்று நாம் சொல்வது எதையும் நிரப்புவது இல்லை. பள்ளத்தைச் சுற்றியிருக்கும் மேட்டைக் கீறலின் அடி மட்டத்துக்குச் சீவி இறக்குகிறோம், அவ்வளவுதான். சீவின கிளியர் திரும்ப வராது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து கலரைக் காப்பாற்றுவது அந்தக் கிளியர்தான். பானட்டிலும் கூரையிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்த மாதிரி வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கிளியர் செத்துப்போன வண்டிகள் அவை.

கம்பெனி பெயிண்டைக் காப்பாற்ற நினைப்பது சரியான எண்ணம். அங்கே வெறும் பாடியை 140 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் கிளியரை வேகவைக்கிறார்கள். பட்டறைக்கு வரும் வண்டியில் ஒயர், பிளாஸ்டிக், சீட் எல்லாம் இருக்கும். பெயிண்டைச் சூட்டில் காயவைக்கும் பூத் வைத்திருக்கும் நாங்களே 60 டிகிரி பக்கம்தான் போக முடியும். நல்ல கைக்காரர் அடித்தாலும் அந்தக் கெட்டித்தன்மை வராது. இதைத் தொழில் செய்கிறவனாகவே சொல்கிறேன்.

கோட்டின் உள்ளே என்ன நிறம் தெரிகிறது என்றும் பாருங்கள். பிரைமர் தெரிந்தால் டச்சப், அதாவது கோட்டுக்குள் மட்டும் கலர் விட்டு மூடுவது. தகரம் பளபளத்தால் நாளைத் தள்ளாதீர்கள், மழைக்கு முன் மூடிவிடுங்கள்.

வைகைக்கரை:

அண்ணே, மிக்க நன்றி. இன்று காலை ஆறு மணிக்கே கழுவிப் பார்த்தேன். பதினைந்து கோடு என்று நினைத்தது ஒன்பதாகக் குறைந்தது, மற்றதெல்லாம் ஒட்டியிருந்த சாறுதான். தண்ணீர் ஊற்றினால் எட்டு மறைகிறது. கைப்பிடிக்குக் கீழே உள்ள அந்த ஒன்று மட்டும் ஈரத்திலும் தெரிகிறது, நகமும் மாட்டுகிறது. உள்ளே வெளிர் சாம்பல் தெரிகிறது. பிரைமர் என்று நினைக்கிறேன்.

கருப்புக்கார்_அடையாறு:

அந்த எட்டையும் நீங்களே எடுத்துவிடலாம். நான் எட்டு வருடமாகக் கறுப்பு வண்டி ஓட்டுகிறேன். இதெல்லாம் கறுப்பு வண்டி வைத்திருப்பவளாக வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டது.

முதலில் பேஸ்ட் விஷயம். அதில் இருப்பது பல்லைத் தேய்ப்பதற்கான சிலிக்கா அல்லது சுண்ணாம்புத் தூள். தேய்க்கும் பொருள்தான், அதனால் கோடு குறையத்தான் செய்யும். ஆனால் காம்பவுண்டில், அதாவது கார் பெயிண்டின் கீறலை எடுக்க விற்கும் தேய்ப்புப் பசையில், உள்ள துகள் பெயிண்டுக்கென்றே அளவெடுத்தது. அதில் பல வகை தேய்க்கத் தேய்க்க உடைந்து பொடியாகி, கடைசியில் பளபளப்பு கொடுக்கும். பேஸ்ட் அப்படி உடையும் என்று எந்த உறுதியும் இல்லை. நெல்லைச்சீமை சாரின் வெள்ளை வண்டியில் மங்கல் தெரியாது. என் கறுப்பு பானட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பால் படலம் மாதிரி விட்டுவிட்டது, அதை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அவருக்கு கோடு போனது உண்மையாகவே இருக்கும். பைக் ஹேண்டில் உரசினால் பாதி நேரம் அந்த ரப்பரும் பெயிண்டும் நம் வண்டியின் மேல் ஒட்டிக்கொள்வதுதான், கீறல் இல்லை. அது எதைப் போட்டுத் தேய்த்தாலும் வரும்.

சரி, செய்முறை. நிழலில் நிறுத்துங்கள். கதவில் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மதுரை வெயிலில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் காம்பவுண்ட் தேய்ப்பதற்கு முன்பே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கழுவ கார் ஷாம்பூ மட்டும். துணி சோப்புத்தூள் வேண்டாம். இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். அழுக்கான கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும்.

காய்ந்ததும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு கதவைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாகத் தெரியும். சொரசொரப்பு இருந்தால் கிளே பார் (ஒட்டின அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி) போட வேண்டும். ஷாம்பூ தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் வழுக்கிவிடுங்கள். கிளே கீழே விழுந்துவிட்டால் குப்பையில் போட்டுவிடுங்கள். எடுத்துத் துடைத்துப் போடுவோம் என்று நினைக்க வேண்டாம், அதில் ஒட்டின மணல் புதுக் கோடு போடும்.

கைப்பிடி, ரப்பர் பீடிங், கதவின் விளிம்பு, நடுவில் ஓடும் மடிப்புக் கோடு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஃபோம் அப்ளிகேட்டரில் பட்டாணி அளவுக்கு மூன்று சொட்டு காம்பவுண்ட். ஒரு அடிக்கு ஒரு அடி இடம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். மேலும் கீழும், அப்புறம் இடதும் வலதும், நேர்கோட்டில். நடுத்தர அழுத்தம், இரண்டு மூன்று நிமிடம். சுத்தமான மைக்ரோஃபைபரில் துடைத்துவிட்டு, போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். பாதி குறைந்திருந்தால் இன்னொரு முறை. நான்கு முறைக்கு மேல் ஒரே இடத்தில் போகாதீர்கள். கோடு இருபதில் ஒரு பங்கு மீதி இருந்தால் இருக்கட்டும்.

இன்னொன்று முக்கியம். சில திரவங்களில் எண்ணெயும் மெழுகும் இருக்கும், கோட்டை நிரப்பி மறைத்துவிடும். கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் கோடு இல்லையென்றால்தான் உண்மையில் போயிருக்கிறது. அப்புறம் மெல்லிய பாலிஷ், அதன் மேல் வாக்ஸ்.

ஈரோடு_எக்ஸ்பிரஸ்:

அக்கா, கையால் தேய்த்தால் தோள் கழன்றுவிடும். டிரில் மெஷினில் மாட்டுகிற பஃபிங் பேட் செட் ஆன்லைனில் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டில் டிரில் இருந்தால் அரை மணி நேரத்தில் இரண்டு கதவும் முடிந்துவிடும். நான் அப்படித்தான் செய்தேன், கண்ணாடி மாதிரி வந்தது.

பட்டறைக்காரன்:

ஈரோடு தம்பி, உங்களுக்கு நன்றாக வந்தது சந்தோஷம். ஆனால் முதல் முறை செய்கிறவருக்கு டிரில்லைச் சொல்லாதீர்கள். டிரில் ஒரே அச்சில் சுற்றும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அங்கே சூடு ஏறிக்கொண்டே போகும். விளிம்பிலும் மடிப்பிலும் பெயிண்ட் மற்ற இடத்தைவிட மெல்லிசாக இருக்கும், பேடின் மொத்த அழுத்தமும் அந்தக் கோட்டில்தான் விழும். கண் மூடித் திறப்பதற்குள் கிளியரைத் தாண்டிக் கலரில் நிற்பீர்கள். அப்படி வந்த கதவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு முழுக் கதவும் அடிக்கத்தான் வேண்டும்.

மெஷின் வேண்டும் என்றால் டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். அதில் பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும், அழுத்தினால் சுற்றுவது நின்றுவிடும். அதனாலேயே பெயிண்டை எரிப்பது கடினம். எட்டுக் கோட்டுக்கு அதுவும் தேவையில்லை, கையே போதும்.

வாட்டர் பேப்பரை, அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைப் பற்றியும் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். 2000, 2500, 3000 நம்பர் எல்லாம் பட்டறையில் தினமும் எடுக்கிறோம். ஆனால் பெயிண்டின் தடிமன் காட்டும் மைக்ரான் மீட்டர் வைத்து அளந்துவிட்டுத் தொடுகிறோம். மீட்டர் இல்லாமல் கம்பெனி கிளியரில் பேப்பர் போடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் இதே நிலைமையில் நிறையப் பேர் இன்சூரன்ஸ் கிளெய்ம் போடலாமா என்று கேட்பார்கள். போடாதீர்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். வைகைக்கரை இதுவரை கிளெய்ம் போடவில்லை என்றால் 45-இல் இருப்பார். இந்த இரண்டு கதவுக்கு 9000 ரூபாய் கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்ஜியம். திரும்ப 20-இலிருந்து ஏற வேண்டும். போதாக்குறைக்கு 1500 சிசி வரை உள்ள கார்களுக்குக் கட்டாயக் கழிவு 1000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். உங்கள் பாலிசியின் பிரீமியத்தை வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நெல்லைச்சீமை:

கருப்புக்கார் அக்கா சொன்னது சரிதான் போல. என் வண்டியில் பேஸ்ட் போட்ட இடத்தை இன்று சாயங்கால வெயிலில் சாய்த்துப் பார்த்தேன், மங்கலாகத்தான் இருக்கிறது. இத்தனை நாள் கவனிக்கவில்லை. இதை எடுக்க முடியுமா?

எங்கள் ஊர் டாக்சி டிரைவர்கள் தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார்கள், கோடு மறைந்து வண்டி மினுமினு என்று இருக்கும். தேங்காய் எண்ணெயும் தடவுவார்கள். அது எப்படி வேலை செய்கிறது?

கருப்புக்கார்_அடையாறு:

எடுக்கலாம். மெல்லிய பாலிஷ் இரண்டு முறை போதும், காம்பவுண்ட் தேவைப்படாது.

எண்ணெய் விஷயத்தில், மேலே பட்டறைக்கார அண்ணன் சொன்ன தண்ணீர்ச் சோதனையேதான் அங்கே நடக்கிறது. கீறலின் ஓரத்தில் வெளிச்சம் சிதறுவதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. பள்ளத்தில் தண்ணீரோ எண்ணெயோ நின்றால் சிதறல் குறையும், கோடு மறையும். டபிள்யூடி-40 அடித்துக் கோடு போச்சு என்று காட்டுகிற வீடியோக்களிலும் இதுதான். அடுத்த முறை ஷாம்பூ போட்டதும் கோடு அங்கேயே இருக்கும். அதற்குள் எண்ணெய்ப் பிசுக்கில் ரோட்டுத் தூசி ஒட்டியிருக்கும், அதன் மேல் துணி போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

வைகைக்கரை:

செய்து முடித்துவிட்டேன்! சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை ஆறிலிருந்து எட்டு மணி வரை.

டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் காம்பவுண்ட், பாலிஷ், இரண்டு ஃபோம் அப்ளிகேட்டர், நான்கு மைக்ரோஃபைபர், மாஸ்கிங் டேப் எல்லாம் சேர்த்து 1650 ரூபாய் ஆனது. வாக்ஸ் வீட்டில் இருந்தது. முதலில் பின் கதவில், கீழே கண்ணுக்குப் படாத ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். துணியில் சாம்பல் நிறம் வரவில்லை, அதனால் கிளியர்தான் தேய்கிறது என்று தைரியம் வந்தது.

எட்டில் ஐந்து கோடு இரண்டாவது முறையிலேயே போய்விட்டது. இரண்டுக்கு நான்கு முறை ஆனது. முன் கதவின் நடுவில் ஒன்று மட்டும் டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் நூல் மாதிரி தெரிகிறது, நின்று பார்த்தால் தெரியவில்லை. விட்டுவிட்டேன். ஆல்கஹால் போட்டுத் துடைத்தும் பார்த்தாயிற்று, எதுவும் திரும்ப வரவில்லை.

ஒன்று மட்டும் எதிர்பார்க்கவில்லை. தேய்த்த இரண்டு கதவும் இப்போது வண்டியின் மற்ற பக்கத்தைவிடப் பளிச்சென்று இருக்கின்றன. மற்ற இடங்களில் வெயில் பட்டால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள். இதற்கு முன் கண்ணில் பட்டதே இல்லை. இதையும் எடுக்க வேண்டுமா? அப்புறம் அந்த ஆழமான கோட்டுக்கு டச்சப் எப்படிச் செய்வது?

பட்டறைக்காரன்:

அருமை தம்பி. அந்த நூல் கோட்டை விட்டதுதான் இதில் நல்ல வேலை.

டச்சப்புக்கு உங்கள் வண்டியின் கலர் குறியீடு (கலர் கோட்) வேண்டும். என்ஜின் ரூமிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டிலும் ஸ்டிக்கரிலும் பாருங்கள், கிடைக்காவிட்டால் ஷோரூமில் சேசிஸ் நம்பர் சொன்னால் தருவார்கள். அந்தக் குறியீட்டுக்கு உரிய டச்சப் பேனா வாங்கி, மெட்டாலிக் தூள் அடியில் தங்கியிருக்கும் என்பதால் இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். கூடவே வரும் பிரஷ் தடிமன், அதைத் தொடாதீர்கள். பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்துக் கோட்டுக்குள் மட்டும் விடுங்கள். ஒரே தடவையில் நிரப்பப் பார்க்காமல் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கலர் பக்கத்து மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கட்டும், அதன் மேல் கிளியர். மெட்டாலிக் என்பதால் கிட்டே போனால் தெரியத்தான் செய்யும், நான்கடி தள்ளி நின்றால் தெரியாது. அந்த இடத்தில் ஒரு மாதத்துக்கு வாக்ஸ் போடாதீர்கள்.

கருப்புக்கார்_அடையாறு:

அந்தச் சிலந்தி வலையை இப்போது எடுக்க வேண்டாம் தம்பி. முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அவை உண்மையில் வட்டமான கோடுகள் இல்லை. எல்லாத் திசையிலும் ஆயிரக்கணக்கில் மெல்லிய கோடுகள் இருக்கும். வெளிச்சத்தைச் சுற்றி அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது. எல்லாம் துடைப்பதால் வருவது. முள் ஒரு நாள்தான் இழுத்தது. காய்ந்த துணி தினமும் இழுக்கிறது.

எங்கள் குடியிருப்பில் விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரில் இருபது வண்டி துடைக்கிறார்கள். பத்தாவது வண்டிக்கு வரும்போது அந்தத் துணியில் ஒன்பது வண்டியின் மணல் இருக்கிறது. அவர் மேல் தப்பில்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட தண்ணீர் அவ்வளவுதான். என் வண்டியைத் தொட வேண்டாம், மாதச் சம்பளம் வழக்கம்போல் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாரம் ஒருமுறை நானே தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்கிவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

ஆயுத பூஜைக்குப் பானட்டில் வைக்கும் சந்தனமும் அப்படித்தான். காய்ந்து கெட்டியானதைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை அரை மணி நேரம் மேலே போட்டு ஊறவைத்தால் தானாக வழிந்து வரும். காற்றடிக்கும் இடத்தில் தூசி படிந்த வண்டிக்குக் கவர் போடுவதும் உப்புத்தாளைப் போட்டு மூடுகிற மாதிரிதான்.

வைகைக்கரை:

அப்பா தினமும் காலையில் பழைய வேட்டித் துணியால் வண்டியைத் துடைத்து வைப்பார். நான்கு வருடமாக அவருக்கு அது ஒரு வேலை, பிரியமாகச் செய்வார். நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நேற்று ஓஸ் பைப்பும் இரண்டு மைக்ரோஃபைபரும் வாங்கிக் கொடுத்து, டார்ச் அடித்து அந்த வலையையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று காலை தண்ணீர் பீய்ச்சிவிட்டுத்தான் துணி போட்டார்.

சிவப்பு800:

இந்த இழை முழுவதும் படித்தேன், நன்றி. என்னிடம் 1998 மாருதி 800 இருக்கிறது, சாதாரணச் சிவப்பு. கூரையெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது, அங்கங்கே கோடுகளும் உண்டு. கொஞ்சம் பாலிஷ் போட்டதும் துணி முழுக்கச் சிவப்பு ஏறுகிறது. பயந்து நிறுத்திவிட்டேன். கிளியர் போய்விட்டதா?

பட்டறைக்காரன்:

இல்லை சார், பயப்படாதீர்கள். உங்கள் வண்டியில் முதலிலிருந்தே தனிக் கிளியர் இருந்திருக்காது. கலரே மேல் அடுக்கு, அதனால் துணியில் சிவப்பு வருவது இயல்பு. மேலே வெயிலில் செத்த பெயிண்ட்தான் ரோஸ் நிறம், அதை எடுத்தால் கீழே பழைய சிவப்பு இருக்கும். காம்பவுண்ட் வேண்டாம், மெல்லிய பாலிஷே போதும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். பிரைமர் எட்டிப் பார்க்கிற மாதிரி எங்காவது நிறம் மாறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் வாக்ஸ் கட்டாயம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பாலிஷ் போடுவதற்கு முன் ஒரு படம், போட்ட பின் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.